நீலமாகாத உப்பு

முதலாளி, நீங்கள் எங்களுக்குப் பொய் உப்பு விற்றீர்கள். பையின் வெளியே ‘அயடீன் கலந்தது’ என்று அச்சடித்திருந்தது. உள்ளே அயடீன் இல்லை. அது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தப் பைகளின் வாயை ஒட்டியவள் நான்.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இதை அச்சிடமாட்டார்கள். பெயர் தேவையுமில்லை. எங்கள் தீவு சின்னது.

முதலாளிக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்களுக்கும், பிறந்த பிள்ளை அழாமல் கிடக்கிறதே என்று சந்தோசப்படுகிறவர்களுக்கும் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். மருத்துவச் சொற்களை டொக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது.

முதலில் வந்தது கழுத்து.

போர் முடிந்து நாங்கள் தோட்டவெளிக்குத் திரும்பியபோது வீட்டில் கூரை இல்லை, என் கணவர் யூட்டிடம் படகு இல்லை. நான் உப்புக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். உப்பு லொறியில் வரும். அதைக் காயவைத்து, அரைத்து, பையில் போட்டு, வாய் ஒட்டி, பெரிய சாக்குகளில் அடுக்குவோம். பிறகு சாக்கைத் தலையில் தூக்கி லொறியில் ஏற்றுவோம். எட்டுப் பெண்கள். தலைச்சுமை தூக்கினால் கழுத்து தடிக்கும் என்பது எங்களுக்குள் ஒரு நம்பிக்கை.

புஷ்பம் கட்டுக்கரைப் பக்கத்துப் பெண். வயல்காரர் குடும்பம். தினமும் பஸ் பிடித்துப் பாலம் கடந்து வேலைக்கு வருவாள். ஒருநாள் என் கழுத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்னடி, செபமாலை கழுத்தை நெரிக்குது? நல்லாத் தின்னுறாய் போல.”

“சாக்குத் தூக்கிற கழுத்தடி இது. உனக்கும்தான் வந்திருக்கு, கண்ணாடியில பார்.”

“எனக்கு வந்தால் அழகு. உனக்கு வந்தால் நாம்பன் மாடு.”

எட்டுப் பேரும் சிரித்தோம். எட்டுப் பேரில் மூன்று பேருக்கு அந்தக் கழுத்து இருந்தது. ஒருத்தியும் அதைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அது சாக்கு தந்த தடிப்பு இல்லை. கழலை (தைரொயிட் என்ற சுரப்பி வீங்குவது. அந்தச் சுரப்பி கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கிறது). தைரொயிட் வேலை செய்ய அயடீன் வேண்டும். அயடீன் கிடைக்காவிட்டால் அது கூடக்கூட உழைத்துப் பெருக்கும். இதை நான் பின்னால்தான் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மன்னார் வெயிலிலும் எனக்குக் குளிரும், பகலிலும் நித்திரை வரும், தலைமயிர் சீப்போடு வரும் என்பதுதான். வேலைக் களைப்பு என்று விட்டேன்.

அந்த வருடங்களில் எனக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே அழிந்தன. ஒன்று மூன்றாம் மாதம். மற்றது நான்காம் மாதம். இரண்டுக்கும் நான் பெயர் வைத்திருந்தேன். அந்தப் பெயர்களை இங்கே எழுதமாட்டேன்.

மூன்றாம் முறை வயிற்றில் தங்கியதும் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் தபசு காலத்தில் (ஈஸ்டருக்கு முன்னான நாற்பது நாள்) மச்சம் விடுவார்கள். மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் இல்லை. பலர் வெள்ளிக்கிழமை மட்டும் விடுவார்கள். சிலர் நாற்பது நாளும் விடுவார்கள். நான் ஒன்பது மாதமும் தபசு என்று நேர்ந்தேன். மீன்காரன் பெண்சாதி விடக்கூடிய பெரிய பொருள் மீன்தான். சின்னதைக் கொடுத்துப் பெரியதைக் கேட்கக்கூடாது என்று நினைத்தேன்.

பங்குச் சுவாமியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தின்னத்தான் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. யூட்டுக்கு மட்டும் தெரியும்.

அந்த ஒன்பது மாதமும் நான் மீனுக்கு ஏங்கிய மாதிரி என் வாழ்க்கையில் எதற்கும் ஏங்கவில்லை. யூட் அப்போது மற்றவர் படகில் கூலிக்குப் போனார். ஒருநாள் விடிய ஒட்டி மீன் கொண்டுவந்தார். சின்ன மீன், தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தால் வாசம் ஒழுங்கை முடியும்வரை போகும். நானே வைத்தேன். நானே மூடினேன். பிறகு வெளியே போய் மதிலில் சாய்ந்து நின்றேன். வாய் ஊறியது. கண்ணும் ஊறியது.

யூட் கோப்பையோடு வெளியே வந்தார்.

“ஒரு துண்டு தின்னும். மாதா கோவிக்கமாட்டா.”

“கொண்டு போங்கோ அங்கால.”

“பிள்ளை கேக்குதோ என்னவோ, ஆருக்குத் தெரியும்?”

“பிள்ளை வேணுமெண்டுதானே விட்டனான்! போங்கோ!”

அவர் அன்று மீன் சாப்பிடவில்லை. சொதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். நான் மரவள்ளிக்கிழங்கும், கோவாவும் (முட்டைக்கோசு), உப்பும் மிளகாயும் தின்றேன். உப்பு எங்கள் கொட்டகை உப்பு. கிழிந்த பைகளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று முதலாளி விட்டிருந்தார். அதைச் சலுகை என்று நினைத்தோம்.

இப்போது கொட்டகை மெஷினைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அரைத்த உப்பு பைக்குள் போகுமுன் அதன்மேல் ஒரு குழாயால் தண்ணீர் தெளிக்கவேண்டும். ‘மருந்துத் தண்ணி’ என்போம். அதில்தான் அயடீன் இருந்தது. நான் சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே அந்தக் குழாய் பழுதாகிவிட்டது. அடுத்த கிழமை சாமான் வரும் என்றார் முதலாளி. அந்தக் கிழமை வரவேயில்லை. நாங்கள் வெறும் உப்பையே கட்டினோம். பை மட்டும் பழைய பை. பையில் பழைய எழுத்து.

மருந்துத் தண்ணி எதற்கு என்று நான் கேட்கவில்லை. உப்பு கட்டிபடாமல் இருக்க என்று நினைத்தேன். அரசாங்கச் சட்டம், எங்களுக்கு என்ன என்று நினைத்தேன்.

சோதிக்க ஆள் வரும் நாள் முதலாளிக்கு எப்படியோ முதலே தெரியும். அன்று விடிய, வேறு ஊரில் கட்டிய நல்ல உப்பு ஒரு சாக்கு வரும். சோதிக்கிறவர் கையில் சின்னப் போத்தல் வைத்திருப்பார். ஒரு கரண்டி உப்பில் இரண்டு துளி விடுவார். அயடீன் இருந்தால் நீலமாகும். அந்தக் கரண்டி உப்பை எடுத்துக் கொடுத்தவள் நான். மூன்று தரம் கொடுத்தேன். மூன்றாம் தரம் எனக்கு ஆறு மாதம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று, நல்ல சாக்கிலிருந்து அள்ளி, சிரித்த முகத்தோடு நீட்டினேன். நீலமானது. அவர் எழுதிக்கொண்டு போனார்.

“கெட்டிக்காரி” என்றார் முதலாளி.

அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கிளினிக்கில் எங்கள் மிட்வைஃப் இரண்டு கேள்வி கேட்டார்.

“மீன் சாப்பிடுறீங்கள்தானே?”

“ஓம், மிஸ்.”

“பக்கெட் உப்புத்தானே பாவிக்கிறீங்கள்?”

“என்ன மிஸ் கதைக்கிறீங்கள்? நான் பக்கெட் உப்பிலதான் குளிக்கிறன்.”

அவர் சிரித்து இரண்டுக்கும் சரி போட்டார். ஒன்றுக்கு நான் சொன்னது பொய். மற்றதற்கு நான் சொன்னது பை சொன்ன பொய்.

அமலி பிறந்தாள். முழு மாதம். கை கால் எல்லாம் சரி. ஆஸ்பத்திரியில் குதிக்கால் சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள் (பிறந்த பிள்ளையின் குதிக்காலில் குத்திச் சில துளியைக் கடதாசியில் ஒற்றி, தைரொயிட் வேலை செய்கிறதா என்று பார்க்க அனுப்புவது). தொலைபேசி இலக்கம் கேட்டார்கள். யூட்டின் இலக்கத்தைக் கொடுத்தேன்.

பத்து நாளில் யூட்டின் போன் கடலில் விழுந்தது. வலை இழுக்கும்போது சட்டைப் பையிலிருந்து நழுவிவிட்டது. புதிய சிம் எடுத்தார், புதிய இலக்கம். கிளினிக்குக்குச் சொல்லவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் கழியும்வரை நான் அக்கா வீட்டில் இருந்தேன். பிறகு ஞானஸ்நானம் முடிந்த கையோடு மூவரும் வாடிக்குப் போனோம். பருவம் மாறும்போது மீன் இருக்கிற கரைக்குக் குடும்பத்தோடு போய்க் கொட்டில் போட்டுத் தொழில் செய்வது எங்கள் வழக்கம். மிட்வைஃப் எங்கள் வீட்டுக்கு வந்து வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஆஸ்பத்திரியின் அழைப்பு கடலடியில் கிடந்த போனுக்குப் போயிருக்கிறது.

வாடியில் அமலியைப் புகழாத ஆள் இல்லை.

“என்ன தவம் செய்து பெத்தாய்? ஒரு சத்தம் இல்லையே!”

“என்ர ஒண்டைக் கொண்டுபோய் ரெண்டு நாள் வைச்சிரு. இதைத் தா.”

அவள் அழமாட்டாள். பாலுக்கு நான்தான் எழுப்பவேண்டும். எழுப்பினாலும் இரண்டு இழுவையில் தூங்கிவிடுவாள். தோல் குளிர்ந்திருக்கும். நாக்கு கொஞ்சம் வெளியே இருக்கும். தொப்புள் புடைத்திருந்தது. நாலைந்து நாளுக்கு ஒருதரம்தான் வயிறு போகும். மஞ்சள் நிறம் மாறப் பல கிழமை எடுத்தது. எப்போதாவது அழுதால் குரல் கரகரத்து, கிழவன் இருமுவது மாதிரி வரும். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம்.

வாசிக்கிற தாய்மாரே, மேலே எழுதியதை இன்னொரு முறை வாசியுங்கள். இவை எல்லாம் அடையாளங்கள். நான் இவற்றை மாதாவின் பரிசு என்று நினைத்தேன். கேட்ட பிள்ளையைத் தந்து, அமைதியையும் மேலதிகமாகத் தந்தார் என்று நினைத்தேன். நேர்த்தி முடிந்து மீன் தின்னத் தொடங்கியிருந்தேன். அந்த ஐந்து மாதம் என் வாழ்க்கையில் சந்தோசமான காலம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பருவம் முடிந்து வீடு திரும்பிய அடுத்த நாள் மிட்வைஃப் வாசல் படலையில் நின்றார். பிள்ளையைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது.

“எங்க போனனீங்கள்? எத்தனை தரம் வந்தனான் தெரியுமோ? உடுப்பை மாத்துங்கோ, இப்பவே பஸ் எடுக்கவேணும்.”

முருங்கன் தாண்டி, மதவாச்சி வீதியால் பஸ் போனது. இரண்டு பக்கமும் வயல் பச்சை. அமலி என் மடியில் நித்திரை. அவளை எழுப்பி அந்தப் பச்சையைக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. எழுப்பினேன். கண்ணைத் திறந்தாள். வயலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. திரும்பத் தூங்கினாள்.

வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை வைத்தியர் இளம் ஆள். சிங்களவர். தமிழை யோசித்து யோசித்துப் பேசினார்.

“அம்மா, பிள்ளை அழுறதா?”

“இல்லை டொக்டர். நல்ல பிள்ளை.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நல்ல பிள்ளை அழும், அம்மா.”

அன்று மாலையே மருந்து தொடங்கியது. அமலிக்குத் தைரொயிட் குறைபாடு (சுரப்பி தரவேண்டிய நீர் போதாமல் இருப்பது). சுரப்பி இல்லாமலே பிறக்கிற பிள்ளைகளும் உண்டு. அமலிக்குச் சுரப்பி இருந்தது, இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தது. அதற்குச் சாமான் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். என் கழுத்தையும் தொட்டுப் பார்த்தார். என் இரத்தத்தையும் எடுத்தார்கள். எனக்கும் அதே குறை.

அவர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு முதல் மாதங்களில் சொந்தமாகத் தைரொயிட் நீர் இல்லை. தாயிடமிருந்துதான் எடுக்கும். அந்த நேரத்தில்தான் மூளையின் கலங்கள் தங்கள் தங்கள் இடத்துக்குப் போய், ஒன்றோடொன்று தொடுத்துக்கொள்கின்றன. தாய் தின்பதில் அயடீன் இல்லாவிட்டால் தாயிடம் நீர் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. பிறந்த பிறகும் இரண்டு மூன்று வயதுவரை அந்த வேலை நிற்பதில்லை. உடம்பின் எரிப்பும் அதே நீரால்தான் ஓடுகிறது (உண்டதைச் சூடாகவும் வளர்ச்சியாகவும் மாற்றுவது). அதனால்தான் அவள் குளிர்ந்திருந்தாள், அதனால்தான் வயிறு போகவில்லை.

யூட் இதை எஞ்சினாக விளங்கிக்கொண்டார். “ஸ்டார்ட்டில நிக்குது டொக்டர், ஆனா ஓடயில்லை.”

“சரி. அதுதான்” என்றார் டொக்டர்.

பிறகு என்னிடம், “நீங்க கடல் பக்கம். மீன் நிறைய சாப்பிடுற ஆக்கள். எப்படி அயடீன் இல்லை?” என்றார்.

யூட் கூரையைப் பார்த்தார். நான் நேர்த்தியைச் சொன்னேன். வெளி ஆளிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “எங்கட பக்கமும் அம்மாமார் இப்படி விரதம் இருக்கிறாங்க. ஆனா உப்பில இருக்கும்தானே? உப்பு எது?” என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த நீலம் நினைவுக்கு வந்தது. என் கை நீட்டிய கரண்டி நினைவுக்கு வந்தது.  

அதைச் சொல்லாமல், வயிற்றிலேயே போன இரண்டு பிள்ளைகளும் இதனாலா என்று மட்டும் கேட்டேன்.

“சொல்ல ஏலாது. தைரொயிட் குறைஞ்சால் கரு நிக்காமலும் போகும். ஆனா இதுதான் எண்டு நான் சொல்ல ஏலாது.”

அவர் நேர்மையாகச் சொன்னார். நானும் நேர்மையாக எழுதுகிறேன். நேர்த்தியா, உப்பா, தொலைந்த போனா, அயடீனைத் தடுக்கும் என்று டொக்டர் சொன்ன மரவள்ளியா என்று பிரித்து அளக்க யாராலும் முடியாது. எல்லாம் சேர்ந்திருக்கலாம். ஆனால் நேர்த்தியை வைத்தவள் நான் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். போனை விழுத்தியது தான் என்று யூட் சொல்லிவிட்டார். உப்புக்காரர் மட்டும்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த கிழமை உப்பைப் பற்றி மிட்வைஃபிடம் சொன்னேன், அவர் அந்தச் சின்னப் போத்தலோடு வந்தார். குசினி மேசையில் ஒரு கோப்பை, அதில் ஒரு கரண்டி கொட்டகை உப்பு. இரண்டு துளி விட்டார். உப்பு நனைந்தது. வெள்ளையாகவே கிடந்தது. கடையில் வாங்கிய, வாய் திறக்காத பை ஒன்றையும் வெட்டினோம். அதன் வாயில் என் ஒட்டு இருந்தது. நான் ஒட்டினால் இடது மூலை கொஞ்சம் மடிந்திருக்கும். அதுவும் வெள்ளை.

“நீலமாக எவ்வளவு நேரம் எடுக்கும் மிஸ்?” என்று யூட் கேட்டார்.

“உடன ஆகும்.”

அப்படியிருந்தும் மூவரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை பார்த்தோம்.

மறுநாள் அமலியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். முதலாளி கதிரையில் இருந்தார். நான் சொல்வதை முழுதாகக் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் அவருடைய பலம்.

“பிள்ளை, மீன் தின்னாமல் கிடந்தது நீ. இந்தத் தீவில மீன் தின்னாத ஆள் நீ ஒருத்திதான். அதுக்கு என்ர உப்பு என்ன செய்யும்?”

“பையில என்ன எழுதியிருக்கு, முதலாளி?”

“பையை ஒட்டினது ஆர்? கரண்டியில அள்ளிக் குடுத்தது ஆர்? நானோ?”

புஷ்பமும் மற்றவர்களும் வேலையை நிறுத்திப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  அவர் சொன்னது உண்மை. உண்மையைச் சொல்லி வாயை அடைக்கிறவனிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு அன்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தேன். திரும்ப வேலைக்குப் போகவில்லை.

சுகாதாரக் கந்தோருக்குக் கடிதம் கொடுத்தேன். வந்து சோதித்தார்கள். நீலமானது. குழாய் புதுக் குழாய். என் கடிதத்தில் உண்மை இல்லை என்று முடிந்துவிட்டது. மனிதர் தின்று முடித்த உப்பை யார் சோதிப்பது?

இனி மருந்தைப் பற்றி. இது தாய்மாருக்கு.

சின்னக் குளிசை (மாத்திரை). விடிய ஐந்தரைக்கு, வெறும் வயிற்றில். இரண்டு கரண்டிக்கு இடையில் வைத்து நசுக்கி, கொஞ்சம் தண்ணீரில் அல்லது தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கவேண்டும். போத்தல் பாலில் கலக்காதீர்கள், பிள்ளை மிச்சம் விட்டால் மருந்தும் மிச்சமாகும். அரை மணித்தியாலம் பொறுத்துப் பால் கொடுங்கள். இரும்புச்சத்து மருந்தை அதே நேரத்தில் கொடுக்காதீர்கள். பிள்ளை துடிப்பாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பத்தாம் நாள் விடிய அமலி அழுதாள். கரகரப்பு இல்லை. வீட்டுத் தகரம் அதிர அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடிவந்தாள். கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த யூட் அப்படியே போட்டுவிட்டு வந்தார். நான் பால் கொடுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“கொஞ்சம் பொறும். அழட்டும். இன்னும் கொஞ்சம் அழு அம்மா, அப்பா கேக்கட்டும்.”

பக்கத்து வீட்டுக்காரி, “புருசனுக்கும் பெண்சாதிக்கும் விசர்” என்று சொல்லிக்கொண்டு போனாள்.

அவள் தோல் சூடானது. நாக்கு உள்ளே போனது. என் முகத்தைப் பார்த்தாள். அதுவரை அவள் என்னைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு வயது கடந்து நடந்தாள். மூன்று வயதாகுமுன் முதல் சொல் சொன்னாள். “போ.” குளிசைக் கரண்டியைக் கண்டு சொன்னாள். நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். பிறகு எடுத்துக் கழுவிப் புதிய குளிசை நசுக்கினேன்.

மூன்று வயதில் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். சுரப்பி தானாக வேலை செய்தது. டொக்டர் சிரித்தார். “இனி மருந்து வேணாம். சுகம்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது யூட் என்னிடம், “சுகமெண்டால் என்ன?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நோய் போய்விட்டது. நோய் இருந்த காலத்தில் நடந்திருக்கவேண்டியவை இன்னும் நடக்கவில்லை. அந்த நேரத்துக்குத் தொடுக்கவேண்டியதை அந்த நேரத்தில்தான் தொடுக்கலாமாம். பிறகு தொடுக்கிறவை பிந்தித்தான் சேரும், சில சேராது.

அமலிக்கு இப்போது எட்டு வயது. தன்னிலும் சின்னப் பிள்ளைகளோடு வகுப்பில் இருக்கிறாள். பத்துவரை எண்ணுவாள், ஆனால் அவசரப்படுத்தினால் நடுவில் நின்றுவிடுவாள். கரைக்கு வருகிற படகு தகப்பனுடையதா என்று எஞ்சின் சத்தத்தில் சொல்லிவிடுவாள். மீன் என்றால் உயிர். ஒட்டிச் சொதிக்கு மற்றவர் கோப்பையிலும் கை வைப்பாள். நான் விடுவேன்.

அவளோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பிள்ளை இருக்கிறாள். போன மாதம் அந்தப் பிள்ளை பூசையில் வாசகம் வாசித்தாள். கதிரையில் ஏற்றி நிற்பாட்டியிருந்தார்கள். தெளிவான குரல். என் பக்கத்தில் அமலி என் சேலை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறாமை வரவில்லை. நான் அந்தக் கதிரையில் வேறு ஒருத்தியைப் பார்த்தேன். அமலியின் கண், அமலியின் சுருட்டைமயிர், வாசிக்கிற வாய். அவளை நான் பெறவில்லை. பெற்றிருக்கலாம். அவளை நான் எல்லா இடத்திலும் பார்க்கிறேன். பள்ளிக்கூட வாசலில், கடையில் மிச்சக்காசு எண்ணி வாங்குகிற பிள்ளைகளுக்கு நடுவில். ஒரு பகல் மட்டும் அவளோடு கதைத்துக்கொண்டிருக்க முடியுமானால் நான் வேறு ஒன்றும் கேட்கமாட்டேன். இப்படி நினைத்துவிட்டு என் பக்கத்தில் இருப்பவளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்பேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. என் சேலையை விடமாட்டாள்.

குளிசை அவளுக்கு நின்றது, எனக்கு நிற்கவில்லை. இன்றும் ஐந்தரைக்கு எழும்புகிறேன். விழுங்கிவிட்டு அரை மணித்தியாலம் வெறும் வயிற்றோடு காத்திருக்கிறேன். முன்பெல்லாம் என் உடம்பை நான் ஒரு சாக்கு மாதிரி நினைத்தேன், தூக்க, இறக்க. இப்போது அது ஒருத்தி குடியிருந்து போன வீடு. உள்ளே இருந்தவள் வாசலுக்கு வந்து வாங்கித் தின்ன முடியாது, நான் கொடுத்ததைத்தான் தின்றாள். நான் கொடுத்தது வெள்ளை உப்பு. மற்றவர்களுக்கு ஐந்து மாதம் ஒரு மீன் பருவம், போனால் திரும்ப வரும். எனக்கு அது ஒரே ஒருதரம் வந்தது. நான் அந்த நேரம் “சத்தம் போடாதையுங்கோ, பிள்ளை நித்திரை” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், புஷ்பத்தின் மகளுக்காக.

புஷ்பம் இன்னும் கொட்டகையில்தான் வேலை செய்கிறாள். அவளுடைய மகள் கீதா அமலியிலும் ஒரு வயது மூத்தவள். போன மாதம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கீதாவின் காலில் பூவரசம் தடியின் தழும்பு இருந்தது.

“வாசிக்குதில்லை. மொக்கு. சொல்லிச் சொல்லி என்ர வாய் நோகுது, அடிச்சடிச்சுக் கை நோகுது.”

“அடிக்காதை புஷ்பம். நீயும் அந்த உப்பைத்தானே திண்டனி? உன்ர கழுத்தைப் பார். கூட்டிக்கொண்டு போய்ச் சோதி.”

“உன்ர பிள்ளைக்கு வந்ததெண்டால் ஊரிலை எல்லாப் பிள்ளைக்கும் வருமோ? நான் மீன் திண்டனான். என்ர பிள்ளைக்குச் சோம்பல், வேறொண்டுமில்லை.”

“முதலாளி ஓமெண்டு சொன்னால் நம்புவியோ?”

புஷ்பம் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, “அந்தாள் வாயால சொன்னால் நம்புறன்” என்றாள்.

கீதாவுக்கு உப்பால்தான் இப்படி என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பைகள் வயற்பக்கத்துக் கடைகளுக்கும் போயின. அங்கேயும் தாய்மார் விரதம் இருக்கிறார்கள். எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் சோம்பேறி, மொக்கு என்று அடி வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அது தெரியாவிட்டாலும், பைகள் போன கடைகள் உங்களுக்குத் தெரியும், முதலாளி.

வருகிற கோவில் பெருநாளுக்கு அன்னதான உபயம் நீங்கள். உப்பும் உங்களுடையது என்று கேள்விப்பட்டேன். பூசை முடிந்து சனம் கலையுமுன் கோவில் முற்றத்துக்கு வாருங்கள். நான் அமலியோடு நிற்பேன். புஷ்பத்தையும் கீதாவையும் நானே பஸ்ஸில் கூட்டிவருவேன். முதலில் நான் பேசுவேன். பையை ஒட்டியது என் கை, நல்ல சாக்கிலிருந்து அள்ளிக் கொடுத்ததும் என் கை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்வேன். அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் என் பதில்.

அதன் பிறகு உங்கள் முறை. மருந்துத் தண்ணி எப்போது நின்றது, எப்போது திரும்ப ஓடியது, அதற்கு இடையில் கட்டிய பைகள் எந்த எந்த ஊர்க் கடைகளுக்குப் போயின? கையில் ஒலிவாங்கி தருவார்கள். புஷ்பம் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சொல்லுங்கள்.